வடுவூர் துரைசாமி ஐயங்கார்: வாழ்வும் வஞ்சகர் படைப்பும்

முன்னுரை

தமிழ்ப் புதினத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்தில் (1879) தொடங்கி, இராஜமையரையும் மாதவையாவையும் போற்றிவிட்டு, அங்கிருந்து மணிக்கொடி எழுத்தாளர்க்கும் கல்கிக்கும் தாவிவிடுவது வழக்கம். இடையில் கிடக்கும் ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் ஓரிரு வரிகளில் கடக்கப்படுகிறது. அக்காலத்தில்தான் தமிழர் பெருந்திரளாக உரைநடைக் கதைகளைப் படிக்கத் தொடங்கினர். அவர்களைப் படிக்க வைத்தவர்கள் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகிய மூவரும் ஆவர். மூவரும் மர்மக் கதைகளையும் துப்பறியும் கதைகளையும் எழுதியவர்கள். அதனாலேயே வகுப்பறையின் வாயிலிலேயே நிறுத்தப்பட்டவர்கள்.

இம்மூவருள் வடுவூராரின் வாழ்வையும் படைப்பையும் இக்கட்டுரையில் காண முற்படுகிறோம். துப்பறிவோன் சிறக்க வேண்டுமாயின் அவனை எதிர்த்து நிற்கும் வஞ்சகனும் அறிவிற் சிறந்தவனாதல் வேண்டும் என்னும் இலக்கிய உண்மையைத் தமிழில் நன்குணர்ந்து செயற்படுத்தியவர் அவர் என்பது நம் கருத்து. அவ்வுண்மையில் ஓர் அறப்பாடமும் அடங்கியிருக்கிறது.

பிறப்பும் பதவியும்

மன்னார்குடிக்கு அருகிலுள்ள வடுவூரில் 1880ஆம் ஆண்டு துரைசாமி ஐயங்கார் பிறந்தார். கோதண்டராமர் கோயிலாலும் பரந்த ஏரியாலும் பெயர் பெற்ற ஊர் அது. தந்தையார் பெயர் கிருஷ்ணசாமி ஐயங்கார். பி.ஏ. பட்டம் பெற்று அரசுப் பணியிற் சேர்ந்த இவர் தாசில்தார் பதவி வகித்தார். பின்னர் எழுத்தின்மேல் கொண்ட பெருவிருப்பால் அப்பதவியைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார்.

தாசில்தார் பதவி அந்நாளில் எத்தகையது என்பதை இன்றைய மாணவர் எண்ணிப் பார்த்தல் நலம். ஆங்கிலேயர் ஆட்சியில் ஒரு வட்டத்தின் மக்கள் அரசைக் கண்டது பெரும்பாலும் தாசில்தாரின் உருவில்தான். நிலவரி, பட்டா, எல்லைத் தகராறு, பங்காளிச் சண்டை, பொய்ப் பத்திரம் என மனிதரின் பேராசை எத்தனை வேடம் புனையுமோ அத்தனையும் அந்த மேசைக்கு வந்து சேரும். அழுக்கு வேட்டியோடு வருபவன் உண்மை சொல்வதும், மடிப்புக் கலையாத அங்கவஸ்திரத்தோடு வருபவர் பொய் சொல்வதும் அங்கே நாள்தோறும் காணக்கூடிய காட்சிகள். வடுவூராரின் கதைகளில் வக்கீல்களும் அதிகாரிகளும் மிராசுதார்களும் மிகுந்திருப்பதற்கும், அவர்களுட் சிலர் கொடியவராய் இருப்பதற்கும் இப்பணியறிவு துணை நின்றிருத்தல் வேண்டும் என்று கருதுகிறோம்.

சென்னையில் வாழ்ந்த காலத்தில் மனோரஞ்சனி என்னும் மாத இதழைத் தாமே நடத்தி, அதன் வாயிலாகவும் தம் புதினங்களை வெளியிட்டார். மேனகா, கும்பகோணம் வக்கீல், பூரணசந்திரோதயம், சௌந்தர கோகிலம், மதன கல்யாணி, மாயா விநோதப் பரதேசி, வித்தியாசாகரம், பாலாமணி முதலியன அவருடைய நூல்களுட் சில. இவற்றுட் பலவற்றில் ஆங்கிலேய நாவலாசிரியர் ரெயினால்ட்சின் சாயலும் பிற மேனாட்டுக் கதைகளின் சாயலும் உண்டு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. கடன் வாங்கிய நூலைக் கொண்டு தஞ்சைத் தறியில் நெய்தார் என்று அதனைச் சொல்லலாம்.

மேனகா: வீட்டுக்குள் இருக்கும் பகைவர்

வடுவூராரின் புகழ் பெற்ற புதினம் மேனகா. மேனகா என்னும் இளம்பெண்ணைக் கணவனின் தமக்கையர் கொடுமைப்படுத்துகின்றனர். குடும்ப நண்பராக உள்ளே நடமாடும் சாமாவையர் அவர்களோடு சேர்ந்து சதி செய்கிறார். மேனகா பணத்துக்காக நைனா முகம்மது என்னும் செல்வரிடம் விற்கப்படுகிறாள். கணவனோ அவள் ஒழுக்கம் தவறி ஓடிப்போனாள் என்று நம்பும்படி செய்யப்படுகிறான்.

இக்கதையில் வாளேந்திய கொள்ளைக்காரன் இல்லை. காட்டில் மறைந்து தாக்கும் கள்வனும் இல்லை. பகைவர் அனைவரும் வீட்டுக்குள் இருக்கின்றனர். கூடத்தில் அமர்ந்து வெற்றிலை போடுகின்றனர். சாமாவையரின் கருவி அவருடைய நாவே. யாரிடம் எதனை எப்பொழுது எந்தக் குரலில் சொன்னால் நம்புவர் என்பதை அவர் நன்கறிந்தவர். இத்தகையவனை மோப்பத்தாலோ காலடித் தடத்தாலோ பிடித்துவிட இயலாது. அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தாலன்றி உண்மை வெளிப்படாது. எதிர்த்தலைவன் அறிவுடையவனாகும்போது கதையின் போர்க்களம் மாறிவிடுகிறது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. உடலுக்கும் உடலுக்கும் நிகழும் போர், அறிவுக்கும் அறிவுக்கும் நிகழும் போராகிறது.

மற்றொரு செய்தியும் இங்குக் கருதத்தக்கது. மேனகா சிறைப்பட்ட அதே இல்லத்தில் அவளைக் காப்பவள் நைனா முகம்மதின் மனைவி நூர்ஜஹான். மானத்தைக் காக்கப் போராடும் ஒரு பெண்ணை, சமயம் கடந்து, தன் கணவனுக்கு எதிராகவே நின்று மற்றொரு பெண் காக்கிறாள். சாதியோ சமயமோ தீமையின் அடையாளமாகாது என்பதை அவர் இக்கதையிலேயே காட்டிவிடுகிறார். சூழ்ச்சி செய்தவர் மேனகாவின் சொந்த வீட்டார். காத்தவள் அயல் வீட்டு மங்கை. அக்காலத்துப் புதினம் ஒன்றில் ஒரு முஸ்லிம் பெண்பாத்திரம் இத்துணை உயர்வாகப் படைக்கப்பட்டமை நம் மாணவியர் ஆராயத்தக்க பொருளாகும்.

கும்பகோணம் வக்கீலும் திகம்பர சாமியாரும்

வடுவூராரின் துப்பறிவாளர் திகம்பர சாமியார். திசைகளையே ஆடையாகக் கொண்டவர் என்பது அப்பெயரின் பொருள். துறவி ஒருவரைத் துப்பறிவாளராக்கியது வியப்பூட்டுவது போலத் தோன்றினும் நம் மரபுக்குப் புதிதன்று. திருவள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதில் துறந்தாரின் கோலம் பூண்டு எவ்விடத்தும் சென்று ஆராய்வதும், எத்துன்பம் நேரினும் சோர்வடையாதிருப்பதும் ஒற்றனின் இலக்கணம் என்கிறார். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றன் வாயிலாகச் சரிபார்க்க வேண்டும் என்றும் அவர் விதிக்கிறார். திகம்பர சாமியாரை வள்ளுவர் வகுத்த ஒற்றரின் வழித்தோன்றல் என்று நாம் கொள்ளலாம்.

ஆனால் அச்சாமியார் புகழ் பெற்ற அந்தப் புதினத்துக்கு ஆசிரியர் இட்ட பெயரைக் கவனித்தல் வேண்டும். கும்பகோணம் வக்கீல் என்பது அதன் பெயர். வக்கீலாகிய சட்டைநாதம் பிள்ளையே அக்கதையின் வஞ்சகன். நூலின் முகப்பில் துப்பறிவாளருக்கு முன்னே வஞ்சகனை நிறுத்திவிட்டார் வடுவூரார்! தம் கதையின் அச்சாணி எது என்பதை அவர் அறிந்திருந்தார்.

சட்டைநாதம் பிள்ளை செல்வமும் செல்வாக்கும் உடையவர், சட்டம் கற்றவர். வடிவாம்பாள் என்னும் பெண்ணைத் தம் தம்பி மாசிலாமணிக்கு மணமுடிக்க எண்ணுகிறார். அவளோ கண்ணப்பாவை விரும்புகிறாள். அவ்வெண்ணம் நிறைவேறப் பிள்ளை எதையும் செய்யத் துணிகிறார். இங்கே வஞ்சகன் வக்கீலாக இருப்பதில் உள்ள நுட்பத்தை உணர வேண்டும். சட்டத்தை மீறுபவனைச் சட்டத்தால் பிடிக்கலாம். சட்டத்தையே கேடயமாகப் பிடித்திருப்பவனை எதனால் பிடிப்பது? எந்தச் சான்று நீதிமன்றத்தில் நிற்கும், எது நிற்காது என்பதைக் குற்றம் செய்யும் முன்பே அவன் கணக்கிட்டு விடுகிறான். ஆகவே அவனுக்கு எதிராக வருபவர் பதவியும் பட்டமும் பொருளாசையும் இல்லாத ஒருவராக இருத்தல் வேண்டியதாயிற்று. விலைக்கு வாங்க முடியாத ஒருவர் தேவைப்பட்டார், துறவி வந்தார். திகம்பர சாமியாரின் இயல்பைத் தீர்மானித்தது சட்டைநாதம் பிள்ளையின் இயல்பே எனலாம். நோய்க்கேற்ப மருந்து அமைவது போல, வஞ்சகனுக்கேற்பத் துப்பறிவாளர் அமைகிறார்.

மேனாட்டுச் சான்று

இவ்வுண்மையை மேனாட்டு இலக்கியமும் மெய்ப்பிக்கிறது. ஆர்தர் கானன் டாயில் 1887இல் படைத்த ஷெர்லக் ஹோம்ஸ் எத்தனையோ குற்றங்களின் மூடுதிரையை விலக்கினான். பிற நூல்களில் உழைக்க விரும்பிய டாயில், தம் காலத்தையெல்லாம் விழுங்கிய அப்பாத்திரத்தை முடித்துவிட எண்ணினார். அப்போது அவருக்கு ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. அத்தகைய அறிவாளியை யாரைக் கொண்டு வீழ்த்துவது? சாதாரணத் திருடன் கையால் ஹோம்ஸ் மடிந்தால் வாசகர் ஏற்கமாட்டார். ஆகவே மாரியார்ட்டி என்னும் கணிதப் பேராசிரியனை 1893இல் புதிதாகப் படைத்தார். ஹோம்ஸுக்கு நிகரான மூளை. ஆனால் அது தீமையின் பக்கம் நிற்கிறது. ஸ்விட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் இருவரும் கட்டிப் புரண்டு வீழ்ந்ததாகக் கதை முடிந்தது. வாசகர் வற்புறுத்தலால் பின்னர் ஹோம்ஸ் மீண்டு வந்தான்; மாரியார்ட்டி மீளவில்லை. டாயில் எழுதிய கதைகளில் மிகச் சிலவற்றிலேயே வந்துபோகும் அவன் பெயர் இன்றளவும் ஹோம்ஸின் பெயரோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது.

செஸ்டர்ட்டன் 1910இல் பிரௌன் பாதிரியார் என்னும் துப்பறிவாளரைப் படைத்தார். அவரும் நம் திகம்பர சாமியாரைப் போலச் சமயத் துறவியே. அவருக்கு எதிராக முதற்கதையில் வருபவன் பிளாம்போ என்னும் மாபெருந் திருடன். பிற்பாடு அவனே திருந்தித் துப்பறிவாளனாகி விடுகிறான். கூரிய அறிவு ஒன்றே. அது நடக்கும் வழிதான் இருவேறு என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

தமிழ் மரபில் அறிவுடைய வஞ்சகர்

வஞ்சகனுக்கு அறிவு வழங்கும் வழக்கத்தை நாம் மேலைநாட்டாரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் இல்லை. கம்பர் இராவணனுக்கு இசைப்புலமையும் வீரமும் வாரி வழங்கினார். பகைவன் எளியவனாயின் வென்றவனுக்குப் புகழில்லை என்பதை அவர் அறிவார்.

சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனை இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அவனே. பழியைக் கோவலன் மேல் சுமத்துகிறான். கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர் இவன் கள்வனல்லன் என்று தயங்கும்போது, கள்வர்க்குத் துணையாகும் எட்டு வகைகளை நூல்வல்லார் போல எடுத்துரைத்து அவர்களின் ஐயத்தை மாற்றுகிறான். களவு பற்றிய ஒரு விரிவுரையையே கள்வன் நிகழ்த்துகிறான்! மதுரையில் அப்போது குறைவாக இருந்தது ஒன்றே: ஆராய்பவர் ஒருவர். வினவுவாரின்றிக் கோவலன் வெட்டுண்டான். பின்னர் அப்பணியைக் கண்ணகியே செய்தாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். தன் அரசியின் சிலம்பின் பரல் முத்து என்றான் அரசன். சிலம்பு உடைக்கப்பட்டது, மாணிக்கம் தெறித்தது. சான்றுப் பொருளைக் கொண்டு அரசவையில் உண்மையை நிறுவிய கண்ணகியைத் தமிழிலக்கியத்தின் முதல் துப்பறிவாளர் என்றாலும் பொருந்தும். ஆனால் உண்மை வெளிப்பட்டபோது கோவலன் உயிருடன் இல்லை. அறிவுடைய வஞ்சகன் இருக்கும் இடத்தில் ஆராய்பவர் காலந்தாழ்ந்து வந்தால் நேரும் கேடு இது.

நாஞ்சில் நாட்டுத் தொடர்பு

வடுவூராரின் வஞ்சகர் ஒருவருக்கும் நம் நாஞ்சில் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மேனகா புதினத்தை எம். கந்தசாமி முதலியார் நாடகமாக்க, டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றினர். அதுவே 1935இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. அப்படத்தில் சாமாவையராக நடித்தவர் நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். திரையில் அவர் முதலில் தோன்றியது இப்படத்தில்தான். தமிழ் மக்களைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்த கலைஞர், சூழ்ச்சிக்காரரின் வேடத்தில் அறிமுகமானார். கும்பகோணம் வக்கீல் 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தாரால் திகம்பர சாமியார் என்னும் பெயரில் படமானபோது இதற்கு மாறான ஒன்று நிகழ்ந்தது. பிற்காலத்தில் திரையுலகின் தலைசிறந்த வில்லனாகப் பெயரெடுத்த எம். என். நம்பியார், பத்துக்கும் மேற்பட்ட வேடங்கள் புனைந்து துப்பறியும் சாமியாராக நடித்தார். வஞ்சகனுக்கும் துப்பறிவாளனுக்கும் வேண்டும் திறமை ஒன்றே என்பதற்கு இவ்விரு நடிகரும் வாழும் சான்றாயினர்.

கலைவாணரின் வாழ்வில் நேர்ந்த பெருந்துன்பத்தையும் இங்கு எண்ணாமல் இருக்க முடியவில்லை. 1944இல் சென்னையில் நிகழ்ந்த இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரும் எம். கே. தியாகராஜ பாகவதரும் குற்றஞ்சாட்டப்பட்டு 1945இல் ஆயுள் தண்டனை பெற்றனர். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு, மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, 1947இல் இருவரும் விடுதலையாயினர். கதையில் கடைசிப் பக்கத்தில் சாமியார் வந்து எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறார். வாழ்க்கையில் அத்தகைய கடைசிப் பக்கம் எல்லா வழக்குக்கும் எழுதப்படுவதில்லை. சான்றுகளை ஆராயாது எவரையும் குற்றவாளி என நம்பிவிடலாகாது என்னும் பயிற்சி ஒவ்வொரு குடிமகனுக்கும் வேண்டும். நல்ல துப்பறியும் கதை அப்பயிற்சியைச் செலவின்றி அளிக்கிறது.

ஓர் ஐயம்

வஞ்சகனை இவ்வளவு அறிவுடையவனாகக் காட்டினால் இளைஞர் அவனைப் பின்பற்ற மாட்டார்களா? இவ்வினா வடுவூரார் காலத்திலிருந்தே எழுப்பப்படுவது. பெற்றோர் கவலையில் நியாயம் உண்டு. குற்றத்தைக் கவர்ச்சியாக்கி வணிகம் செய்யும் எழுத்தும் படமும் இன்று பெருகியிருப்பதை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் மறுபக்கத்தை எண்ணுக. வஞ்சகன் எப்போதும் கன்னத்தில் மருவும் சிவந்த கண்ணுமாகவே வருவான் என்று கதைகள் கற்பித்தால், இனிய சொல்லும் தூய ஆடையுமாக வருபவனைப் படிப்பவன் எங்ஙனம் அறிவான்? கயவர் மக்களைப் போன்றே தோற்றமளிப்பர். அத்தகைய ஒப்புமையை வேறெங்கும் காணோம் என்று வள்ளுவர் வியந்ததன் பொருள் இதுவே. முட்டாளான வில்லன் வாசகனை உறங்க வைக்கிறான். அறிவுடைய வில்லன் வாசகனை விழிப்புறச் செய்கிறான். வரதட்சணைக் கொடுமையை மறைக்கும் குடும்பம், பெருவட்டி தருவதாகச் சொல்லி ஏழைகளின் சேமிப்பை விழுங்கும் நிறுவனம், வெளிநாட்டு வேலை என்று ஏமாற்றும் தரகர் ஆகிய அனைவரும் சாமாவையரின் உறவினரே. அவர்களை அடையாளங் காணும் கண் வேண்டும்.

வடுவூரார் வஞ்சகனுக்கு அறிவைக் கொடுத்தார், வெற்றியைக் கொடுக்கவில்லை. திகம்பர சாமியார் படத்தில் சட்டைநாதம் பிள்ளையைப் பிடித்து வைத்த சாமியார் அவரை உறங்கவிடாமலே வைத்திருக்கிறார். உறக்கமிழந்த பிள்ளை தம் இரகசியங்களையெல்லாம் தாமே உளறிக் கொட்டுகிறார். பிறர் உறங்கும் வேளையில் சூழ்ச்சி செய்தவனுக்கு உறக்கமின்மையே தண்டனையானது பொருத்தமன்றோ! சூழ்ச்சி முழுவதும் அவன் உள்ளத்தில்தான் இருந்தது, வெளியே தடயமில்லை. ஆகவே அவ்வுள்ளத்தையே திறந்தாக வேண்டியிருந்தது. ஒருவனை உறங்கவிடாது உண்மை பெறுதல் இன்றைய மனித உரிமை நோக்கில் ஏற்கத்தக்கதன்று என்பதையும் சொல்லிவிடுதல் வேண்டும். கதையில் அதனை உருவகமாகக் கொள்க. காவல் நிலையத்தில் அதற்கு இடமில்லை.

இறுதிக் காலம்

வடுவூராரின் பிற்கால வாழ்வில் புனைகதையினும் விந்தையான ஒரு பகுதி உண்டு. பண்டை எகிப்தியரின் மூலத்தைத் தென்னாட்டு வைணவத்தோடு இணைத்துக் காணும் ஆராய்ச்சியில் அவர் மூழ்கினார். கண்டவற்றை ஆங்கிலத்தில் பெருநூலாக எழுதித் தம் பொருளைச் செலவிட்டு வெளியிட்டார். அறிஞர் அதனை ஏற்கவில்லை. பெரும் பொருளிழப்பே மிஞ்சியது. கதையில் திகம்பர சாமியாருக்குச் சட்டைநாதம் பிள்ளை இருந்தார். ஒவ்வோர் அடியிலும் மறுத்து, மடக்கி, மெய்ப்பிக்குமாறு அறைகூவினார். ஆராய்ச்சியில் வடுவூராருக்கு அத்தகைய எதிராளி வாய்க்கவில்லை போலும். எதிர்ப்பாரில்லாத அறிவு தன் விருப்பத்தையே சான்றாகக் கொண்டுவிடும். ஆய்வு மாணவர் நெஞ்சிற் கொள்ள வேண்டிய செய்தி இது. நம் முடிவை வன்மையாக மறுப்பவரே நம் ஆய்வுக்கு உறுதுணை.

1942ஆம் ஆண்டு வடுவூரார் மறைந்தார். அவருடைய புதினங்கள் அதன் பின்னரும் பதிப்பிக்கப்பட்டு வருகின்றன.

நிறைவுரை

வடுவூராரின் நடை இன்றைய வாசகருக்கு நீண்டதாகத் தோன்றலாம். வருணனைகளிற் சில அலுப்பூட்டலாம். மொழித்தூய்மை விரும்புவோர்க்கு வடசொற் கலப்பு உவப்பளிக்காது. இக்குறைகளை ஒப்புக்கொண்ட பின்னும் அவரிடம் நாம் பெறத்தக்கது எஞ்சி நிற்கிறது. தீமை முட்டாள்தனத்தின் பிள்ளை என்று அவர் கருதவில்லை. அது கல்வியோடும் பதவியோடும் இனிய பேச்சோடும் கைகோத்து நடக்கும் என்பதைக் கண்டு சொன்னார். அதனை வெல்ல நல்லெண்ணம் மட்டும் போதாது. தீயவனினும் ஒருபடி மிகுந்த அறிவும் சோர்வில்லாத உழைப்பும் வேண்டும் என்றும் காட்டினார்.

கல்லூரிகள் கூரிய அறிவைத் தீட்டித் தருகின்றன. அவ்வறிவு சட்டைநாதம் பிள்ளையின் கையிலும் இருக்கலாம். திகம்பர சாமியாரின் கையிலும் இருக்கலாம். யார் கையில் அது சேர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பாடத்திட்டம் அன்று, பயில்வோரின் நெஞ்சமே.